தேர்வாகலாம், அமர முடியாது: அயர்லாந்தின் கிளேர் தொகுதி எழுப்பிய கேள்வி

2024 ஜூலையில் நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் வட அயர்லாந்தின் 18 தொகுதிகளில் 7 தொகுதிகளை ஐரிஷ் தேசியவாதக் கட்சியான சின் ஃபெயின் கைப்பற்றியது. வேறெந்தக் கட்சிக்கும் அங்கே அவ்வளவு இடங்கள் கிடைக்கவில்லை. ஆனால் வென்ற எழுவரில் ஒருவர்கூட லண்டனிலுள்ள பிரிட்டன் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் அமரவில்லை. அக்கட்சியினர் வழக்கமாகவே அமர்வதில்லை. தேர்தல் செய்திகளைப் படிக்கிறவர்களுக்கு இதில் இயல்பாகவே சில கேள்விகள் எழுகின்றன. அவைக்கே போகாதவர் எப்படி உறுப்பினராக நீடிக்கிறார்? அமர மாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்தவரின் வேட்புமனு எப்படி ஏற்கப்படுகிறது?

பிரிட்டன் சட்டத்தில் இதற்கான விடை எளிது. யார் போட்டியிடலாம் என்பதற்கு ஒரு விதி உண்டு. யார் அவையில் அமர்ந்து வாக்களிக்கலாம் என்பதற்கு வேறொரு விதி உண்டு. வென்றவர் அவையில் அமர்வதற்கு முன் மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அமர முடியாது, வாக்களிக்க முடியாது, சம்பளமும் இல்லை. ஆனால் தொகுதியின் உறுப்பினர் என்ற நிலை பறிபோகாது. இந்த இரு விதிகளுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் அயர்லாந்து அரசியலின் பெரும் திருப்பங்கள் பலவும் நிகழ்ந்திருக்கின்றன. அதைப் புரிந்துகொள்ள, இன்று பிரிட்டன் நாடாளுமன்றத் தொகுதிகளின் வரைபடத்தில் இல்லாத கிளேர் தொகுதியின் கதையைவிடப் பொருத்தமான வழி இல்லை.

எந்தக் கிளேர்?

கிளேர் என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் ஷானன் ஆற்றுக்கும் நடுவே உள்ள மாவட்டம். அதன் தலைநகர் எனிஸ். ஒரே பெயரில் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு தொகுதிகள் இருந்ததால் குழப்பம் நேர்வதுண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

1. 1800 வரை டப்ளினில் அயர்லாந்துக்கெனத் தனி நாடாளுமன்றம் இருந்தது. அதற்கு கிளேர் மாவட்டம் இரண்டு உறுப்பினர்களை அனுப்பியது.

2. 1801 ஜனவரி 1 அன்று, அயர்லாந்தை பிரிட்டனுடன் இணைத்த ஒன்றிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது டப்ளின் நாடாளுமன்றம் கலைந்தது. 300 உறுப்பினர் கொண்ட அவை போய், லண்டனில் 100 இருக்கைகள் கிடைத்தன. 32 மாவட்டங்களுக்கும் தலா இரண்டு, டப்ளின், கார்க் நகரங்களுக்குத் தலா இரண்டு, 31 நகரங்களுக்குத் தலா ஒன்று, டப்ளின் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்பது கணக்கு. இதில் கிளேர் மாவட்டம் இரு உறுப்பினர் தொகுதியாக 1885 வரை நீடித்தது. எனிஸ் நகரத்துக்குத் தனி உறுப்பினர் ஒருவர்.

3. 1885 மறுசீரமைப்பில் எனிஸ் நகரத் தொகுதி ஒழிந்தது. மாவட்டம் கிழக்கு கிளேர், மேற்கு கிளேர் என இரண்டாகி, ஒவ்வொன்றும் ஓர் உறுப்பினரை அனுப்பியது. அயர்லாந்து சுதந்திர அரசு உருவான 1922-உடன் இவை முடிந்தன.

4. 1921 முதல் டாயில் எனப்படும் அயர்லாந்தின் கீழவைக்குப் பல உறுப்பினர் கொண்ட கிளேர் தொகுதி உள்ளது. அது இன்றும் இருக்கிறது.

இந்தக் கட்டுரையின் பொருள் இரண்டாவதும் மூன்றாவதும். நான்காவதற்கும் அதில் பங்கு உண்டு என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

நாற்பது ஷில்லிங் வாக்காளர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்து மக்களில் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். நிலமோ பெரும்பாலும் புரொட்டஸ்தாந்து நிலக்கிழார்களின் கையில். 1728-இல் கத்தோலிக்கரின் வாக்குரிமை முற்றாகப் பறிக்கப்பட்டிருந்தது. 1793-இல்தான் அது திரும்பக் கிடைத்தது. மாவட்டத் தொகுதிகளில் வாக்களிக்க, ஆண்டுக்கு நாற்பது ஷில்லிங், அதாவது 2 பவுண்டு மதிப்புள்ள நில உரிமை ஒருவருக்கு இருந்தால் போதும்.

இந்தத் தகுதி இங்கிலாந்திலும் இருந்ததுதான். ஆனால் அயர்லாந்தில் அதற்குத் தனியான உட்பொருள் உண்டு. அங்கே ஆயுட்காலக் குத்தகையும் நில உரிமையாகவே கணக்கிடப்பட்டது. குத்தகைப் பத்திரத்தில் பெயர் குறிப்பிடப்பட்டவர் உயிரோடு உள்ளவரை செல்லுபடியாகும் குத்தகை அது. பெரும்பாலும் மூன்று பேர் பெயரைக் குறிப்பிட்டு எழுதுவார்கள். ஆகவே சிறு துண்டு நிலத்தை இவ்வாறு எழுதிக் கொடுத்தே ஒரு நிலக்கிழார் எத்தனை வாக்காளர்களை வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம். உண்டாக்கவும் செய்தார்கள். வாக்குப்பதிவு ரகசியமானதல்ல, மேடையேறி எல்லோர் முன்னிலையிலும் வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். நிலக்கிழாரின் காரியஸ்தர் பக்கத்திலேயே நிற்பார். குத்தகை பாக்கி இல்லாத குடியானவர் அரிது. எதிர்த்து வாக்களித்தால் பாக்கிக்காக ஆடு மாடுகளை ஓட்டிக்கொண்டு போகலாம், நிலத்தைவிட்டே வெளியேற்றலாம்.

அப்படிப்பட்ட வாக்காளர்கள் நிலக்கிழாரை மீறுவார்கள் என்று 1826 வரை யாரும் எண்ணவில்லை. அந்த ஆண்டு வாட்டர்ஃபோர்டு மாவட்டத்தில் பெரஸ்ஃபோர்டு குடும்பத்தின் வேட்பாளரை அவர்களுடைய குடியானவர்களே தோற்கடித்தார்கள். வென்றவரும் புரொட்டஸ்தாந்துதான், ஆனால் கத்தோலிக்கரின் உரிமைக்குக் குரல் கொடுத்தவர். இதற்குப் பின்னால், கத்தோலிக்கரான டேனியல் ஓ’கானல் 1823-இல் தொடங்கிய கத்தோலிக்கச் சங்கம் இருந்தது. மாதம் ஒரு பென்னி சந்தா என்று 1824-இல் அவர் வகுத்த முறை, ஏழைக் குடியானவரையும் உறுப்பினராக்கியது. கோவில் வாசலில் பங்குத்தந்தையரின் துணையோடு திரட்டப்பட்ட அந்தச் சில்லறைக் காசுதான், வெளியேற்றப்பட்ட குத்தகைதாரர்களுக்குக் கைகொடுக்கும் நிதியாகவும் ஆனது.

வாசலில் நின்ற உறுதிமொழி

1793-க்குப் பிறகு கத்தோலிக்கர் வாக்களிக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் அமர முடியாது. கத்தோலிக்கர் அமரக் கூடாது என்று நேரடியாகத் தடை விதிக்காமல், அமர்வதற்கு முன் சொல்ல வேண்டிய வாசகங்களின் மூலமே சட்டம் அவர்களை வெளியே நிறுத்தியது. மன்னரின் திருச்சபைத் தலைமையை ஏற்றுப் போப்பாண்டவரின் அதிகாரத்தை மறுக்க வேண்டும். அரியணைக்கு, முன்பு ஆண்டு நீக்கப்பட்ட ஸ்டூவர்ட் வம்சத்தார் கோரும் உரிமையைக் கைவிட வேண்டும். இவை போதாதென்று, அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுவதில்லை என்றும், புனிதர்களிடம் மன்றாடுவதும் பூசைப் பலியும் மூடநம்பிக்கையும் சிலை வணக்கமும் ஆகும் என்றும் அறிக்கையிட வேண்டும். நம்பிக்கையுள்ள எந்தக் கத்தோலிக்கரும் இதைச் சொல்ல மாட்டார். அதனால் இதற்கு மேல் தடை தேவையில்லை என்றே சட்டம் இயற்றியவர்கள் கருதினார்கள்.

ஆகவே கத்தோலிக்கர் போட்டியிடுவதைத் தடுக்கும் விதி எதையும் யாரும் எழுதவில்லை. வழக்கறிஞரான ஓ’கானல் கண்டுகொண்டது இந்த ஓட்டையைத்தான்.

1828: எனிஸில் ஐந்து நாட்கள்

1828-இல் வெலிங்டன் கோமகனின் அமைச்சரவையில் கிளேர் உறுப்பினர் வெசி ஃபிட்ஸ்ஜெரால்டு வணிக வாரியத் தலைவரானார். அன்றைய சட்டப்படி, ஊதியமுள்ள அமைச்சர் பதவியை ஏற்கும் உறுப்பினர் தன் இருக்கையை இழந்து மீண்டும் தொகுதி மக்களிடம் செல்ல வேண்டும். பொதுவாக இது வெறும் சடங்கு. எதிர்த்துப் போட்டியிட யாரும் முன்வருவதில்லை. ஃபிட்ஸ்ஜெரால்டு கத்தோலிக்கரின் உரிமையை ஆதரித்தவர். மாவட்டத்தில் நற்பெயர் பெற்றவர். அவரைத் தோற்கடிக்கத் தனிப்பட்ட காரணம் எதுவும் இல்லை என்பதே இந்தத் தேர்தலைக் கூர்மையாக்கியது. கத்தோலிக்கரின் கோரிக்கையை ஏற்காத அந்த அமைச்சரவையில் சேரும் எவரையும் எதிர்ப்பது என்று சங்கம் முன்பே தீர்மானித்திருந்தது. தகுதியான புரொட்டஸ்தாந்து வேட்பாளர் கிடைக்காமல் போகவே, ஓ’கானலே களமிறங்கினார். ஓ’கோர்மன் மேஹன் என்ற இளைஞர் அவர் பெயரை முன்மொழிந்தார். புரொட்டஸ்தாந்து நிலவுடைமையாளரான டாம் ஸ்டீல் வழிமொழிந்தார்.

குடியானவர்கள் ஊர் ஊராகத் தங்கள் பங்குத்தந்தையரின் பின்னால் எனிஸ் நகருக்கு நடந்து வந்தார்கள். தேர்தல் என்றால் சாராயமும் தடியடியும் என்றிருந்த நாட்டில், மது அருந்துவதில்லை என்று வாக்குக் கொடுத்த கூட்டம் ஐந்து நாட்களும் கலவரமின்றிக் காத்திருந்தது. அரசாங்கத்தைப் பெரிதும் கலங்க வைத்தது இந்த ஒழுங்குதான் என்பது என் கருத்து. கலவரத்தை அடக்கப் படை போதும். நிலக்கிழாரின் முகத்துக்கு நேரே நின்று அமைதியாக வேறொரு பெயரைச் சொல்லிவிட்டு இறங்கிப்போகும் மனிதரை எந்தப் படையைக் கொண்டு அடக்குவது? ஓ’கானலுக்கு 2,057 வாக்குகள், ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு 982.

வென்றவர் உடனே லண்டனுக்குப் போய்க் கதவைத் தட்டவில்லை. அரசாங்கத்தை யோசிக்க விட்டார். உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலும் பிரதமர் வெலிங்டனும் கத்தோலிக்கரின் உரிமையை நெடுங்காலம் எதிர்த்தவர்கள். ஆனால் அவர்கள் முன்னிருந்த கணக்கு கடினமானது. அயர்லாந்து மாவட்டங்களின் உறுப்பினர் எவருக்கும் இனிப் பதவி தர முடியாது. தந்தால் இடைத்தேர்தல் வரும், வந்தால் இன்னொரு கிளேர். நாடாளுமன்றத்தைக் கலைத்தாலோ, அயர்லாந்து முழுவதும் அமர முடியாத கத்தோலிக்கர்கள் தேர்வாகலாம். அதைத் தாண்டி இருந்தது உள்நாட்டுப் போர் பற்றிய அச்சம்; போர்க்களங்களிலேயே வாழ்ந்த வெலிங்டன் பிரபுக்கள் சபையில் அதை வெளிப்படையாகவே சொன்னார்.

ஒரே நேரத்தில் மூன்று சட்டங்கள்

1829-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியதைப் பலர் கத்தோலிக்க விடுதலைச் சட்டம் என்ற ஒரே பெயரில் நினைவு வைத்திருக்கிறார்கள். உண்மையில் அது மூன்று சட்டங்களாலான ஒரு பேரம்.

1. கத்தோலிக்கச் சங்கத்தை ஒடுக்கும் சட்டம்.

2. கத்தோலிக்க நிவாரணச் சட்டம். ஏப்ரல் 13 அன்று நான்காம் ஜார்ஜ் மன்னர் மனமின்றி ஒப்புதல் அளித்தார். கத்தோலிக்கர் சொல்லக்கூடிய புதிய உறுதிமொழி ஒன்றை வகுத்து, நாடாளுமன்றத்தையும் மிகச் சில நீங்கலான அரசுப் பதவிகளையும் அது அவர்களுக்குத் திறந்துவிட்டது.

3. அயர்லாந்தின் மாவட்டத் தொகுதிகளில் வாக்குரிமைக்கான தகுதியை 2 பவுண்டிலிருந்து 10 பவுண்டாக உயர்த்திய சட்டம்.

மூன்றாவதை அவசியம் நிறுத்திப் பார்க்க வேண்டும். இதனால் அயர்லாந்து மாவட்டங்களின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 2,16,000-இலிருந்து 37,000 அளவுக்குச் சரிந்தது. வீட்டையும் நிலத்தையும் பணயம் வைத்து எனிஸில் மேடையேறிய அந்தக் குடியானவர்கள் தங்கள் வெற்றியாலேயே வாக்கை இழந்தார்கள். திறந்துவிடப்பட்ட வாசல் வழியாக உள்ளே போனவர்கள் வழக்கறிஞர்களும் வசதியுள்ள கத்தோலிக்கர்களும். வாசலை உடைத்தவர்கள் வெளியே நின்றார்கள். ஓ’கானல் இதை எதிர்த்துப் பேசினார் என்பது உண்மை. ஆனால் அதற்காகச் சட்டத்தையே நிறுத்தும் அளவுக்கு அவர் போராடவில்லை. 1825-இலேயே இதேபோன்ற ஒரு பேரத்துக்கு அவர் இணங்கியிருந்தார். விடுதலை வீரர் என்று அவரைக் கொண்டாடும் எந்த வரலாறும் இந்த விலையையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மையாகும்.

சட்டத்தில் இன்னொரு முள்ளும் இருந்தது. புதிய உறுதிமொழி, சட்டம் வந்தபின் தேர்வானவர்களுக்கு மட்டுமே என்று எழுதப்பட்டிருந்தது. 1828-இல் தேர்வான ஒரே கத்தோலிக்கர் யார் என்பதை எல்லோரும் அறிவார்கள். 1829 மே மாதம் ஓ’கானல் அவைக்கு வந்தபோது பழைய வாசகத்தை அவர்முன் வைத்தார்கள். அதில் ஒரு பகுதி பொய்யென்று தமக்குத் தெரியும், மற்றொரு பகுதி உண்மையென்று தாம் நம்பவில்லை என்று சொல்லி மறுத்தார். மே 18 அன்று 190-க்கு 116 என்ற வாக்கு வேறுபாட்டில் அவை அவரை அமர விடவில்லை. ஜூலை 30 அன்று கிளேர் அவரைப் போட்டியின்றி மீண்டும் தேர்ந்தெடுத்தது. 1830 பிப்ரவரியில் புதிய உறுதிமொழி எடுத்து அமர்ந்தார். அதே ஆண்டின் பொதுத்தேர்தலில் அவர் வாட்டர்ஃபோர்டுக்கு மாறிவிட்டார். கிளேர் உறுப்பினராக அவையில் அமர்ந்த காலம் சில மாதங்களே.

இடைக்காலம்

அடுத்த ஐம்பது ஆண்டுகள் பெரிதும் உள்ளூர்க் குடும்பங்களின் காலம். மோஹர் செங்குத்துப் பாறைகளின் உச்சியில் 1835-இல் கோபுரம் எழுப்பிய கார்னீலியஸ் ஓ’பிரையன் இக்காலத்து உறுப்பினர்களில் ஒருவர். 1850-இல் வாக்குரிமை 12 பவுண்டு வரி மதிப்புள்ள நிலத்தைப் பயிரிடுவோருக்கு என மாறியதும் வாக்காளர் எண்ணிக்கை ஓரளவு மீண்டது. ஆனால் வாக்கு இன்னும் வெளிப்படையாகவே இருந்தது. 1852 தேர்தலில் வாக்காளர்களைப் படைவீரர் காவலோடு அழைத்து வந்தபோது சிக்ஸ்மைல்பிரிட்ஜ் என்ற ஊரில் துப்பாக்கிச்சூடு நடந்து உயிர்கள் போயின. ரகசிய வாக்குப்பதிவு 1872-இல்தான் வந்தது.

தேர்வாவதற்கும் அமர்வதற்கும் இடையிலான இடைவெளியை இக்காலத்தில் வேறு தொகுதிகளும் பயன்படுத்தின. பிரிட்டன் ஆட்சியை எதிர்த்துச் சிறையிலிருந்த ஓ’டோனவன் ரோசாவை 1869-இல் டிப்பெரரி தேர்ந்தெடுத்தது. அவை அதைச் செல்லாதென்றது. தண்டனையிலிருந்து தப்பிச் சென்றிருந்த ஜான் மிட்செலையும் 1875-இல் அதே டிப்பெரரி இருமுறை தேர்ந்தெடுத்தது. மேற்கு கிளேருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் பிரிட்டனுக்கு எதிராக ஆயுதமேந்திய ஆர்தர் லிஞ்ச், 1901-இல் கால்வே நகரில் தேர்வாகி, லண்டன் வந்தபோது கைதாகி, 1903-இல் ராஜதுரோகத்துக்காக மரண தண்டனை பெற்றார். தண்டனை குறைக்கப்பட்டு, விடுதலையாகி, 1907-இல் மன்னிப்பும் பெற்றபின், 1909-இல் மேற்கு கிளேர் அவரை லண்டனுக்கு அனுப்பியது. அவர் சட்டப்படி உறுதிமொழி எடுத்து 1918 வரை அமர்ந்திருந்தார்.

1917: வாசல் திறந்திருந்தும்

கிழக்கு கிளேரின் உறுப்பினர் வில்லி ரெட்மண்ட், லண்டன் அவையின் வழியே தன்னாட்சி பெறலாம் என நம்பிய ஐரிஷ் கட்சியின் தலைவர் ஜான் ரெட்மண்டின் தம்பி. ஐம்பது வயதைக் கடந்தவர், பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, 1917 ஜூன் 7 அன்று பெல்ஜியத்தின் மெசின் போர்க்களத்தில் உயிரிழந்தார். 25 ஆண்டுகள் அவரிடமிருந்த இருக்கைக்கு இடைத்தேர்தல் வந்தது.

பிரிட்டன் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சியில் பங்கேற்று மரண தண்டனை பெற்று, அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்ட ஈமான் டி வலேரா அதே மாதம்தான் சிறையிலிருந்து வெளிவந்திருந்தார். சின் ஃபெயின் அவரை நிறுத்தியது. ஐரிஷ் கட்சி வழக்கறிஞர் பேட்ரிக் லிஞ்சை நிறுத்தியது. டி வலேரா 5,010 வாக்குகளும் லிஞ்ச் 2,035 வாக்குகளும் பெற்றனர். பெண்களுக்கும் ஏழை ஆண்கள் பலருக்கும் வாக்கு இல்லாத பழைய பட்டியலிலேயே இந்த வேறுபாடு.

1828-உடன் இதை அருகில் வைத்துப் பார்த்தால் அரசியல் எவ்வளவு தலைகீழாகியிருந்தது என்பது புலப்படும். ஓ’கானல் அமர விரும்பினார், சட்டம் மறித்தது. டி வலேராவை மறிக்கும் மதவாசகம் எதுவும் இல்லை. அவர் அமர மறுத்தார். முன்னவர் தன் வெற்றியால் லண்டன் அவை முழுமையற்றது என்று காட்டினார். பின்னவரோ அந்த அவைக்கு அயர்லாந்தின்மீது அதிகாரமே இல்லை என்று அறிவிக்கத் தன் வெற்றியைப் பயன்படுத்தினார். இருவருக்கும் இது இயன்றதற்குக் காரணம், வேட்பாளரிடம் எந்த உறுதிமொழியையும் கேட்காத அதே சட்டம்தான்.

1918 பொதுத்தேர்தலுக்குள் அயர்லாந்தின் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 7 லட்சத்திலிருந்து 19 லட்சமாக உயர்ந்திருந்தது. கிழக்கு கிளேரில் டி வலேராவும் மேற்கு கிளேரில் பிரையன் ஓ’ஹிக்கின்ஸும் போட்டியின்றித் தேர்வானார்கள். நாடு முழுவதும் 105-இல் 73 இடங்களை வென்ற சின் ஃபெயின், லண்டனுக்குப் போகாமல் 1919 ஜனவரி 21 அன்று டப்ளினில் முதல் டாயிலைக் கூட்டியது. டி வலேரா அன்று இங்கிலாந்தின் லிங்கன் சிறையில் இருந்தார்.

1927: அதே கேள்வி, டப்ளினில்

1921-இல் கிளேர் மீண்டும் ஒரே தொகுதியாகி நான்கு உறுப்பினர்களைப் பெற்றது. டி வலேரா அதன் உறுப்பினராக 1959-இல் குடியரசுத் தலைவராகும் வரை நீடித்தார். இந்தக் காலத்தில்தான் பழைய கேள்வி எதிர்த்திசையிலிருந்து வந்தது. 1922 அரசியல் சட்டம், சுதந்திர அரசின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பிரிட்டன் மன்னருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. டி வலேராவும் அவரைச் சேர்ந்தவர்களும் தேர்தலில் வென்றும் டாயிலில் அமரவில்லை. உறுதிமொழி நீங்கினால் அமரலாமா என்ற கேள்வியிலேயே அவர் சின் ஃபெயினிலிருந்து பிரிந்து 1926-இல் ஃபியானா ஃபாயில் கட்சியைத் தொடங்கினார்.

1927 ஜூலை 10 அன்று அமைச்சர் கெவின் ஓ’ஹிக்கின்ஸ் சுட்டுக்கொல்லப்பட்டார். அரசு உடனடியாக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது: தேர்வானால் உறுதிமொழி எடுப்பேன் என்று வேட்புமனுவின்போதே பிரமாணம் செய்யாதவர் போட்டியிடவே முடியாது. நூறாண்டுகளுக்கு முன் லண்டன் கவனிக்காமல் விட்ட இடைவெளியை டப்ளின் அரசு அடைத்தது. இனிமேல் அமர மறுப்பவர் வென்று காட்டவும் வழியில்லை. ஆகஸ்டில் டி வலேராவும் அவருடைய கட்சியினரும் டாயிலுக்குள் நுழைந்தார்கள். பைபிளை ஒதுக்கி வைத்துவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்ட அவர், தாம் உறுதிமொழி எதையும் எடுக்கவில்லை என்றும், அது வெறும் வாசகம் என்றும் சொன்னார். 1829-இல் ஓ’கானல் சொல்ல மறுத்ததற்கும் இதற்கும் உள்ள தொலைவை கிளேரின் வாக்காளர்கள் எப்படி எடைபோட்டார்களோ, அவரைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தார்கள்.

1932-இல் ஆட்சிக்கு வந்த டி வலேரா அடுத்த ஆண்டே அந்த உறுதிமொழியைச் சட்டத்தின் மூலம் நீக்கினார். இன்று டாயிலுக்குத் தேர்வாகும் உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்திட்டு அமர்கிறார்; உறுதிமொழி எதுவும் கிடையாது.